சைக்கிளுக்குப் பித்தளை ஸ்பேனர்

சைக்கிள் ரிப்பேருக்குப் பித்தளையில் ஸ்பேனர் செய்யச் சொன்ன ஆள் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதைச் செய்துகொடுத்த கடைசல் பட்டறைக்காரர் இன்றைக்கும் என்னைக் கண்டால் சட்டென்று குனிந்து கீழே எதையோ தேடுகிறார். சிரிப்பை மறைக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? தேடட்டும். அந்தச் சமயத்தில் எனக்கு அது அறிவுள்ள காரியமாகத்தான் பட்டது. முட்டாள்தனமான காரியங்களில் பாதி அப்படித்தான் படுகின்றன.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் நான் ஃபோர்மேன். இருபது வருஷத்துக்கு மேலாகிறது. ரசாயனங்கள் இருக்கும் அறையின் சாவி என்னிடம்தான் இருக்கும். அதை வேறு ஆள் கையில் கொடுக்கக் கூடாது. வெடிமருந்து கலக்கிற வேலை வெயில் ஏறுவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். சூடு வந்த பிறகு கலப்பது வினையைக் கூப்பிட்டு உட்கார வைப்பது மாதிரி. ஆக, விடியற்காலையில் நான் போய்க் கதவைத் திறந்தால்தான் கலவை. கலவை வந்தால்தான் பூச்சட்டி அடைக்கும் பெண்களுக்கு வேலை. அவர்களுக்கு அடைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. எனக்கு மாதச் சம்பளம். இந்த வித்தியாசம் எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது சைக்கிள்.

இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குச் சுகர் என்று டாக்டர் சொன்னார். தினமும் முக்கால் மணி நேரம் நடங்கள், இல்லாவிட்டால் சைக்கிள் மிதியுங்கள் என்றார். நான் பார்க்கலாம் என்று தலையாட்டினேன். கூட வந்திருந்த என் மனைவி தலையாட்டவில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள், ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலையில் இருக்கும் அவள் தம்பி வந்து என் பைக்கை எடுத்துக்கொண்டு போனான். அதே இடத்தில் புது சைக்கிள் ஒன்று நின்றது. ஆலைக்கு ஒன்பது கிலோமீட்டர். மிதிக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்று அவளே கணக்குப் பண்ணி வைத்திருந்தாள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மிதித்தேன். இரண்டு மாதத்தில் பேண்ட் லூசானது. பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் ஒரு நாள் பஞ்சர்.

எங்கள் பக்கத்து ரோட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். விறகுக்கு வெட்டி, ரோடு வழியாகவே இழுத்துக்கொண்டு போவார்கள். முள் தார் ரோட்டில் படுத்துக்கொண்டு யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அன்று நான் வீட்டில் கிளம்பவே தாமதம். பெண்களை ஏற்றிவரும் கம்பெனி வேன் எனக்கு முன்னாலேயே போய்விட்டது. வந்த பைக்குகளில் எல்லாம் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். பின்சக்கரம் தரையோடு தரையாகக் கிடக்க, நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போனேன். போய்ச் சேரும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. இன்றைக்குக் கலவை வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அது சரிதான், நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

முப்பது பெண்களும் வேப்பமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, முள் குத்திய கதையை விலாவாரியாகச் சொன்னேன். பூச்சட்டி அடைக்கும் ஷெட்டில் ரொம்ப நாளாக வேலை பார்க்கும் ஓர் அம்மா, விஸ்வநத்தத்துக்காரி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். சேலையில் சேஃப்டி பின் குத்தி வந்ததற்காக அவளை நான் ஒரு முறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கும் அவள் சத்தம் போடவில்லை, இன்றைக்கும் போடவில்லை.

"ஒங்களுக்கு டியூபுல காத்து போச்சு அண்ணாச்சி. எங்களுக்கு இன்னிக்குப் பொழப்பே போச்சு," என்றாள்.

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி சுகர் மாத்திரையின் வேலை என்று நினைத்துக்கொண்டாள். இனிமேல் ஒரு நாளும் என்னால் அவர்கள் வேலை கெடக்கூடாது என்று முடிவு செய்தேன். அதற்கு வழி, ரோட்டிலேயே நின்று பஞ்சர் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல டூல் கிட் வேண்டும்.

இங்கேதான் என் குணத்தைச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் எதையும் சும்மா வாங்குகிறவன் இல்லை. ஒரு வாளி வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்கி, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, கடைக்காரரை அழவைத்துத்தான் வாங்குவேன். டூல் கிட்டுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டேன். சிவகாசியில் உள்ள சைக்கிள் கடைகளையெல்லாம் பார்த்து முடித்து, விருதுநகருக்கும் பஸ் ஏறினேன். பதினாறு வேலைக்கு ஒரே கருவி என்று மடக்குக் கத்தி மாதிரி ஒன்றைக் காட்டினார்கள். அதில் பதினைந்து என் சைக்கிளுக்குப் பொருந்தவில்லை. பதினாறாவது, சோடா பாட்டில் திறப்பது. ஃபோனில் வீடியோ பார்த்தேன். யாரோ ஒருவர் மலை மேல் நின்றுகொண்டு, முள்ளே இல்லாத ஊரில், சிரித்தபடி டயரைக் கழற்றினார். எனக்கு வயிறு எரிந்தது.

கடைசியில் கையடக்கமாக ஒரு ரெக்சின் பையில் எல்லாவற்றையும் சேர்த்தேன். நட்டுக் கழற்ற ஸ்பேனர், ஸ்குரூ டிரைவர், டயரை நெம்ப இரண்டு இரும்பு லீவர், டியூபைத் தேய்க்க உப்புக்காகிதம், ஒட்டு ரப்பர், அதை ஒட்டச் சொல்யூஷன் டியூப், ஒரு குட்டி பம்பு. சீட்டுக்கு அடியில் தொங்கவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆலை வாசலில் வாட்ச்மேன் அதைத் திறந்து பார்த்தார்.

சைக்கிள் நிறுத்தும் இடம் எங்கள் ஆலையில் வேலிக்கு உள்ளே. ஆகவே வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். சைக்கிளும் இரும்புதான், ஆனால் நிறுத்துமிடம் வரைக்கும் அதற்கு மட்டும் அனுமதி உண்டு. வாசலில் ஒரு போர்டு உண்டு. உள்ளே கொண்டுபோகக் கூடாதவை: இரும்புச் சாமான், உரசும் பொருள், சீக்கிரம் தீப்பிடிக்கும் திரவம், இன்னும் என்னென்னவோ. கீழே என் கையெழுத்து. வாட்ச்மேன் ஒவ்வொரு சாமானாக எடுத்து, போர்டைப் பார்த்து, என்னைப் பார்த்தார். இரும்பு. இரும்பு. உப்புக்காகிதம் உரசும் பொருள். சொல்யூஷன் பற்றவைத்தால் பொசுக்கென்று பிடிக்கும், நானே பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நான் மூன்று வாரம் அலைந்து பொறுக்கிச் சேர்த்ததில் பம்பும் ஒட்டு ரப்பரும்தான் தேறின. மனிதருக்கு அன்று தீபாவளி. ஃபோர்மேனைப் பிடிக்க வாய்ப்பு தினமுமா வருகிறது?

பை வாட்ச்மேன் அறையில் தங்கியது. காலையில் கொடுத்து, மாலையில் வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஒரு வாரம்கூட ஆகவில்லை. லோடு ஏற்ற வந்த லாரி கிளீனர் ஸ்பேனரை இரவல் வாங்கிப் போனார், லாரியோடு போனவர் போனவர்தான். லீவரால் யாரோ பெயிண்ட் டப்பா திறந்திருந்தார்கள், அது வளைந்து கிடந்தது. சொல்யூஷனில் வாட்ச்மேனின் செருப்பு ஒட்டியிருந்தது. நன்றாகவே ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, நல்ல சாமான் அண்ணாச்சி, எங்கன வாங்குனீக என்றார்.

என் மனைவி, ஒரு சின்னப் பெட்டியில் போட்டுப் பூட்டி வாட்ச்மேனிடம் கொடுக்க வேண்டியதுதானே என்றாள். அது சரியான யோசனை என்பதால் எனக்குக் கோபம் வந்தது. அதற்குள் எனக்கு அதைவிடப் பெரிய யோசனை வந்திருந்தது. அந்த டூல் கிட்டே பட்டாசு ஆலைக்குள் போகத் தகுதியுள்ளதாக இருந்தால்? இரும்பே இல்லாமல்?

வெளியூர்க்காரருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மருந்தோடு புழங்கும் எங்களுக்கு இரும்பு ஒரு கெட்ட சகவாசம். இரும்போடு இரும்பு உரசினால் பொறி. ஆகவே மருந்து அள்ளும் கரண்டி, இடிக்கிற குச்சி, சல்லடை எல்லாம் பித்தளை, மரம், அலுமினியம். இருபது வருஷம் அதிலேயே இருந்தவனுக்கு, நல்ல கருவி என்றால் பித்தளை என்று மனதில் ஊறிப்போய்விடுகிறது. இரும்பைப் பிடித்தாலே எனக்குக் கை கழுவத் தோன்றும். அப்புறம் பெருமை என்று ஒன்று இருக்கிறது. தன் கையெழுத்துப் போட்ட போர்டுக்குத் தானே அடங்கி நடக்கும் ஃபோர்மேன்! நினைத்துப் பார்க்கவே நன்றாக இருந்தது.

எங்கள் ஆலைக்கு இடிகுச்சி கடைந்து கொடுக்கும் பட்டறைக்குப் போய் அளவைக் கொடுத்தேன். பட்டறைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தக் கோயிலுக்கு என்று கேட்டார். சைக்கிளுக்கு என்றேன். கொஞ்ச நேரம் மிஷினை நிறுத்திவிட்டார். பித்தளை இளகின சாமான், இறுகின நட்டுக்குத் தாங்காது என்று ஒரு வார்த்தை சொல்லத்தான் செய்தார். கனமாகப் போடுங்கள் என்றேன். மூன்று நாளில் ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் வந்தன. டயர் நெம்புகிற லீவரை வேலமரத்தில் செதுக்க வைத்தேன். சொல்யூஷன் உள்ளே போகாது, ஒட்டுப் போட முடியாது, ஆகவே முழு டியூபையே மாற்றிவிடுவது என்று முடிவு. ஒட்டுப் போடுவதற்குச் சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டியூபை மாற்றச் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். பின்சக்கர நட்டுதான் சைக்கிளிலேயே இறுகின நட்டு. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தது. தனித்தனியாகத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை என் மனைவி குத்துவிளக்கோடு சேர்த்து ஸ்பேனரையும் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள். கிண்டலுக்குச் செய்தாளா, பழக்கத்தில் செய்தாளா என்று இன்றுவரை சொல்லவில்லை. திங்கட்கிழமை வாசலில் வாட்ச்மேன் பையைத் திறந்தார். பளபளவென்று இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தார், போர்டைப் பார்த்தார், திரும்ப வைத்தார். சொல்வதற்கு ஒன்றும் கிடைக்காமல் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்த்தேனே, அதுவே நான் கொடுத்த காசுக்குப் போதும்.

அதற்குப் பிறகு பஞ்சரே ஆகவில்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை: ஒரு முள் குத்தாதா என்று நான் ஏங்க ஆரம்பித்தேன். ஆலையில் எல்லாரும் ஸ்பேனரைப் பார்த்துவிட்டார்கள். வேலை செய்வதைத்தான் பார்க்கவில்லை.

தீபாவளிக்கு ஆர்டர் நெருக்கிய சீசனில் அந்த நாள் வந்தது. விடிந்தும் விடியாத நேரம், பாதித் தூரம் வந்திருப்பேன், பின்சக்கரம் புஸ்ஸென்றது. இறங்கிப் பார்த்தேன். நல்ல பெரிய முள். மனதுக்குள் சந்தோஷமாக இருந்தது என்றால் நம்புவீர்களா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, துண்டை விரித்து, ஆபரேஷனுக்கு அடுக்குவதைப் போல சாமான்களை வரிசையாக வைத்தேன். தெரிந்தவர் ஒருவர் பைக்கை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொன்னார். பத்து நிமிஷ வேலை, நீங்கள் போங்கள் என்றேன்.

அடுத்து எங்கள் கம்பெனி வேனே வந்து நின்றது. ஜன்னல் நெடுக முகங்கள். டிரைவர், சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டு ஏறுங்கள் என்றார். முன் சீட்டு காலியாகவே இருந்தது. நான் பித்தளை ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி நின்றேன். முப்பது பேர் பார்க்கிறார்கள். இப்போது ஏறிப்போனால் இத்தனை நாள் பண்ணினதெல்லாம் எதற்கு?

"நீங்க போங்க. நான் பின்னாலேயே வாரேன்," என்றேன்.

விஸ்வநத்தத்து அம்மா ஜன்னலோரம் இருந்தாள். ஸ்பேனரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வேன் போய்விட்டது.

நட்டில் ஸ்பேனரை மாட்டி ஒரு அழுத்து அழுத்தினேன். அசையவில்லை. எழுந்து நின்று காலால் மிதித்தேன். ஸ்பேனர் அசைந்தது, நட்டு அசையவில்லை. குனிந்து பார்த்தால் ஸ்பேனரின் வாய் கொட்டாவி விட்ட மாதிரி அகன்றிருந்தது. கல்லால் தட்டி மூடினேன். மறுபடி மிதித்தேன். மறுபடி கொட்டாவி. ஸ்குரூ டிரைவரைச் சந்தில் கொடுத்து நெம்பினேன், அது வணக்கம் சொல்வது போல வளைந்தது. வேலமர லீவர் மட்டும் ஒன்றும் ஆகாமல் இருந்தது. அதற்கு இன்னும் வேலையே வரவில்லையே. நட்டைப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னேன். பட்டறைக்காரரைத் திட்டினேன். எதிரே ஆடு மேய்க்க வந்தவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பூஜைச் சாமானா என்று கேட்டார்.

அப்போதுதான் கையில் வெயில் பட்டது. இடுப்பில் சாவி கனத்தது. கதவு திறக்காமல் அங்கே முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் இங்கே நட்டோடு மல்லுக்கட்டுகிறேன். ரோட்டில் ஒரு வண்டியையும் காணோம். போன தடவை முள் செய்தது. இந்தத் தடவை நானேதான் செய்தேன். வேன் வந்து நின்றதே, முன் சீட்டு காலியாக இருந்ததே.

ஆலைப் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. வாட்ச்மேனின் சைக்கிள். ஓட்டி வந்தது விஸ்வநத்தத்து அம்மா. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், மூச்சு வாங்கியது. வேனை அடுத்த ட்ரிப்புக்கு வேறு ஊர்ப் பக்கம் அனுப்பிவிட்டார்களாம், வாட்ச்மேன் வாசலை விட்டு வரக்கூடாதாம், மற்றவர்களில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தது அவளுக்கு மட்டும்தானாம். துண்டில் கிடந்த சாமான்களை அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். நான் காரணம் சொல்ல வாயெடுத்தேன்.

"சாவியத் தாங்க. இல்லாட்டி ஏறுங்க," என்றாள்.

சாவியைக் கொடுக்கக் கூடாது. ஏறினேன். ஃபோர்மேன், ஐம்பத்து நாலு வயது, பின் கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு. என் சைக்கிள் கருவேலத்தின் ஓரத்தில் தலைகீழாக நின்றது. மேட்டில் அவளால் இழுக்க முடியவில்லை. இறங்கி ஓடி வாங்க அண்ணாச்சி என்றாள். ஓடினேன். மேடு முடிந்ததும் ஏறினேன். அடுத்த மேட்டில் மறுபடி ஓடினேன். சுகருக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. வாசலில் வாட்ச்மேன் எங்களைக் கண்டதும் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். முகத்தில் ஒரு சலனம் இல்லை. சிரிக்காமல் அந்த மரியாதையை அவரால் எப்படிக் காப்பாற்ற முடிந்ததோ.

பாதிக் கலவைதான் போட முடிந்தது. மத்தியானத்துக்கு மேல் ஷெட்டில் வேலை இல்லை. முதலாளி ஏன் தாமதம் என்று கேட்டபோது, பஞ்சர் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பெண்கள் எல்லாரும் அங்கேயே நின்றார்கள். வேன் நின்றது, நான்தான் ஏறவில்லை, என் ஸ்பேனரைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டேன் என்று சொன்னேன். முதலாளி சிரித்துவிட்டார். சிரித்தது அவர் மட்டும்தான்.

வேனுக்குக் காத்திருந்தபோது விஸ்வநத்தத்து அம்மா பக்கத்தில் வந்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"காலைலதான் மிதிக்கணும்னு டாக்டர் சொன்னாரா அண்ணாச்சி?"

இல்லை என்றேன்.

"அப்ப காலைல எங்க கூட வேன்ல வாங்க. சைக்கிள மேல கட்டிப் போடுவோம். சாயங்காலம் எம்புட்டு வேணும்னாலும் மிதிச்சுட்டுப் போங்க. அப்ப யாரு ஒங்களுக்காக வேலயில்லாம ஒக்காந்திருக்கா?"

மூன்று வாரம் கடை கடையாக அலைந்தவன் நான். பட்டறைக்குப் படம் போட்டுக் கொடுத்தவன். எனக்கு இது தோன்றவில்லை. நான் யோசித்ததெல்லாம் பஞ்சரைப் பற்றி, பஞ்சர் பார்க்கும் என்னைப் பற்றி. அவர்களுக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டே, ஒரு தடவைகூட அவர்களிடம் கேட்கவில்லை.

மறுநாள் காலை வேன் எங்கள் தெருமுனையில் நின்றது. முன் சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. பின்னால் போய், கடைசி வரிசையில், தூக்குச்சட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன்.